தாம்பரத்துப் பிள்ளைக்குக் கடல் எவ்வளவு தூரம்?

செம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் புகுந்து, தெற்கே திரும்பி, முட்டுக்காடு கழிமுகத்தில் வங்கக் கடலோடு கலக்கிறது. தாம்பரத்தின் கிழக்குப் பக்கம் பெய்யும் மழைக்குக் கடலுக்குப் போகும் வழி தெரியும். அதே ஏரிக்கரையில் வளரும் பிள்ளைக்குத் தெரிவதில்லை. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் கடல் சுமார் 15 கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கடல் என்றால் காணும் பொங்கலன்று குடும்பத்தோடு போய், மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்று, கணுக்கால் நனைத்துத் திரும்பும் இடம். இந்த 15 கிலோமீட்டருக்கு நாம் கொடுத்துக்கொண்டிருக்கும் விலை என்ன என்று அறிய, சென்னையிலிருந்து பாய்மரப் படகில் ஒலிம்பிக் வரை போன ஒரு பெண்ணின் பாதையைப் பார்த்தால் போதும்.

நேத்ரா குமணன் 1997இல் பிறந்தவர். 2009இல், 12 வயதில், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் சென்னைத் துறைமுகத்தில் நடத்திய கோடைக்காலப் பயிற்சி முகாமில் முதன்முதலாகப் படகில் ஏறினார். 2014 இன்சியான், 2018 ஜகார்த்தா என இரண்டு ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் கலந்துகொண்டார். இதற்கிடையே, தாம்பரத்தைத் தாண்டி காட்டாங்குளத்தூரில் வளாகம் கொண்ட எஸ்.ஆர்.எம். கல்வி நிறுவனத்தில் பொறியியல் படித்தார். 2020 ஜனவரியில் மயாமியில் நடந்த உலகக் கோப்பைத் தொடரில் வெண்கலம் வென்றார். அந்தத் தொடரில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 2021 ஏப்ரலில் ஓமனின் முசன்னா நகரில் நடந்த தகுதிப் போட்டியில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இடம்பிடித்தார். 1972 மியூனிக் தொடங்கி 2008 பெய்ஜிங் வரை ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்கு இந்தியா அனுப்பிய அனைவரும் ஆண்கள். அந்த வரிசையில் முதல் பெண்ணாக நேத்ரா சேர்ந்தார். டோக்கியோவில் 44 பேரில் 35ஆவது இடம். பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் போட்டிகள் நடந்த மார்செய்யில், 2024இல், 43 பேரில் 21ஆவது இடம். அங்கே தன் முதல் பந்தயத்திலேயே ஆறாவதாக வந்தார். உலகின் தலைசிறந்த வீராங்கனைகளோடு ஒரே நீரில், ஒரே காற்றில், ஒரே மாதிரிப் படகில் நின்று ஆறாவதாக வந்த ஒருவருக்குத் திறமை போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் அந்த ஆறாம் இடம் தொடர் முடிவில் 21ஆவது இடமாக ஆனது எப்படி? இந்தக் கேள்விக்குப் பதில் ஒருவரது தனித்திறமையில் இல்லை. அவருக்குப் பின்னால் நிற்கும் ஊரில் இருக்கிறது.

பாய்மரப் படகுப் போட்டியின் கணக்கு விசித்திரமானது. ஓட்டப் பந்தயம் மாதிரி ஒரே ஓட்டத்தில் தீர்ப்பு கிடைத்துவிடாது. பல நாட்களில் பத்துப் பந்தயங்கள் வரை நடக்கும். முதலாவது வந்தால் ஒரு புள்ளி, இருபதாவது வந்தால் இருபது புள்ளி. மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மீதியைக் கூட்டி, குறைந்த புள்ளி யாருக்கோ அவரே முந்துவார். ஆகவே ஒரு நாள் அசத்துவதைவிட எல்லா நாளும் தடுமாறாமல் இருப்பது முக்கியம். எந்தப் படகும் எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது. வலமும் இடமுமாக நெளிந்துதான் ஏற வேண்டும். எந்தப் பக்கம் காற்று திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். அதோடு 43 படகுகள் ஒரே கோட்டில் நெருக்கியடித்துக் கிளம்பும்போது, முன்னால் போகும் படகின் பாய் கலைத்துவிட்ட காற்றில் சிக்காமல் வெளியேறத் தெரிய வேண்டும். இந்தக் கூட்டத்தில் நீந்தும் கலையைத் தனியாகப் பயிற்சி செய்து கற்க வழியில்லை. கூட்டம் இருந்தால்தான் வரும். சொந்த ஊரில் தினமும் முப்பது நாற்பது பேரோடு மோதிப் பழகியவருக்கு ஒலிம்பிக் என்பது பெரிய அளவிலான இன்னொரு நாள். நேத்ராவோ அந்தக் கூட்டத்தைத் தேடி ஸ்பெயினின் கிரான் கனேரியா தீவுக்குப் போய், ஹங்கேரியப் பயிற்சியாளரிடம் கற்க வேண்டியிருந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். நாமோ ஒருவர் கையில் வடத்தைக் கொடுத்துவிட்டு, தேர் ஏன் நிலைக்கு வரவில்லை என்று கேட்கிறோம்.

இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்: ஒலிம்பிக் சாம்பியனைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் திட்டங்களுக்கு முன்னால், தேர்ந்தெடுக்கப் போதுமான பிள்ளைகள் தண்ணீரில் இருக்க வேண்டும். அதற்குத் தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டுக்காட்டில் ஒரு பொதுப் பாய்மரப் பள்ளி வேண்டும். இப்போது இந்த விளையாட்டுக்குள் நுழைய இரண்டு வாசல்களே உண்டு. டோக்கியோவுக்குப் போன நான்கு இந்தியர்களைப் பாருங்கள். நேத்ராவும், இருவர் ஓட்டும் ஸ்கிஃப் படகில் போன கே.சி.கணபதி, வருண் தக்கர் இணையும் சென்னைக்காரர்கள். சங்கங்களின் வழியே வந்தவர்கள். நான்காமவரான விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்தவர். அவர் தந்தையும் ராணுவத்தில் இருந்துகொண்டே படகோட்டியவர். விஷ்ணு வந்ததும் ராணுவத்தின் வழியே. டோக்கியோவில் 35 பேரில் 20ஆவதாக வந்தவர், பாரிஸில் 43 பேரில் 18ஆவதாக முன்னேறினார். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வென்றார். நால்வருக்கும் தமிழ்நாட்டோடு உறவு இருப்பது நமக்குப் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஒரு செய்தி ஒளிந்திருக்கிறது. சங்கம், ராணுவம் என்ற இரண்டு சின்ன வாசல்களின் வழியாகவே நாட்டின் மொத்த ஒலிம்பிக் பாய்மரப் படகு அணியையும் ஒரு மாநிலம் தர முடிந்தது என்றால், மூன்றாவதாக ஒரு பெரிய வாசல் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? சென்னையில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இலேயே துறைமுகத்தில் தொடங்கப்பட்டது. நூறாண்டு கடந்த பாரம்பரியம் அது. அந்தப் பாரம்பரியம் துறைமுகச் சுவருக்கு வெளியே, பெருங்களத்தூருக்கும் சேலையூருக்கும் வந்து சேரவில்லை.

வாசல் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை, போபால் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துக்குக் கடலே கிடையாது. அங்கே இருப்பது ஒரு பெரிய ஏரி. ராஜா போஜன் வெட்டியது என்று சொல்லப்படும் அந்த ஏரியின் கரையில், மாநில அரசின் ஆதரவோடு தேசியப் பாய்மரப் படகுப் பள்ளி இயங்குகிறது. அங்கே பயின்ற ஹர்ஷிதா தோமர் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகளான நேஹா தாக்கூர் 2023இல் ஹாங்சோவில், 17 வயதில், வெள்ளி வென்றார். ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியை நம்பி நடக்கும் யாட் கிளப், அரசுப் பள்ளிகளிலிருந்தும் ஏழைக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகளை அழைத்து வந்து பழக்குகிறது. கடல் இல்லாத இரண்டு ஊர்கள், படகையும் பயிற்சியாளரையும் பொதுவில் வைத்ததால் இதைச் செய்கின்றன. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டில், ஒரு விவசாயியின் மகளோ, தாம்பரத்து மெப்ஸ் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவரின் மகனோ எங்கே போய்ப் பாய்மரம் பழகுவது என்று கேட்டால், கைகாட்ட நம்மிடம் ஓர் இடம் இல்லை.

ஆசியாவிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. அது ஒலிம்பிக் தங்கம் வரை போனது. ஹாங்காங்கைச் சேர்ந்த சியுங் சாவ் ஒரு சிறிய தீவு, மீனவர் ஊர். லீ லாய்-ஷான் அங்கே வளர்ந்தவர். அவருடைய மாமா கடற்கரையில் பாய்ப்பலகை விளையாட்டு நிலையம் வைத்திருந்தார். 12 வயதில் அங்கே பலகை மேல் ஏறிய சிறுமி, 1992 பார்சிலோனாவில் பதக்கமில்லாமல் திரும்பி, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஹாங்காங் வரலாற்றிலேயே அது முதல் ஒலிம்பிக் பதக்கம். அதன் பிறகும் 2000, 2004 ஒலிம்பிக்குகளில் போட்டியிட்டார். அந்த வாழ்க்கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் அட்லாண்டா மேடை இல்லை, மாமாவின் நிலையம். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பலகை இருந்தது, சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் இருந்தார். நேத்ராவும் 12 வயது, லீயும் 12 வயது. இந்த விளையாட்டில் உடம்பு காற்றுக்கும் நீருக்கும் பழகும் பருவம் அது. அந்த வயதில் கரையில் படகு இல்லையென்றால், இருபது வயதில் எத்தனை கோடி செலவிட்டாலும் அந்த வருடங்கள் திரும்பி வராது. லீக்கு ஒரு மாமா வாய்த்தார். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு மாமா வாய்க்க மாட்டார். அரசும் மாநகராட்சியும்தான் அந்த மாமாவாக இருக்க வேண்டும்.

இதற்குத் தென்சென்னைப் புறநகரைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் கிடைக்காது. தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பள்ளிக்கரணையைக் கடக்கும் பிள்ளைகள் தினமும் இரண்டு மத்திய அரசு நிறுவனங்களைப் பார்த்தபடி போகிறார்கள். ஒன்று, கடலை ஆராயும் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மற்றொன்று, காற்றை அளக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனம். பாய்மரப் படகுக்கு வேண்டிய இரண்டு விஷயமும் ஒரே சாலையில், விஞ்ஞானிகளின் மேசையில் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனால் உத்தண்டியில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம். கானத்தூரில் கப்பல் மாலுமிகளை உருவாக்கும் இன்னொரு பல்கலைக்கழகம். முட்டுக்காட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984 முதல் நடக்கிறது. பணம் கொடுத்து அரைமணி நேரம் உட்கார்ந்து வரும் இடமாகவே அதை நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். பிள்ளை தானே சுக்கானைப் பிடிக்கும் இடமாக ஆக்கவில்லை. இந்தப் பக்கம் தாம்பரம் மாநகராட்சி. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான, 70 வார்டுகள் கொண்ட ஊர். அறிவு நிறுவனம், கழிமுகம், பிள்ளைகள் மூன்றும் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. மூன்றையும் இணைக்கும் கயிறு மட்டும் இல்லை.

பள்ளி என்றதும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டியதில்லை. தொடங்க வேண்டியது ஆப்டிமிஸ்ட் எனும் சின்னப் படகில். 2.3 மீட்டர் நீளம், ஒரே ஒரு பாய், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளை தனியாக ஓட்டலாம். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளும் வாங்கக்கூடியதாக, ஒட்டுப்பலகையில் செய்யும்படி வரைந்த படகு அது. பணக்காரர் விளையாட்டு என்று நாம் ஒதுக்கும் இதன் அரிச்சுவடியே, பணமில்லாதவருக்காக எழுதப்பட்டதுதான். அடுத்த படி ஐஎல்சிஏ எனும் படகு. நேத்ராவும் விஷ்ணுவும் ஓட்டுவது இதைத்தான். சுமார் 4.2 மீட்டர் நீளமுள்ள ஒரே உடற்கூட்டில் மூன்று அளவுப் பாய்களை மாற்றி மாட்டலாம்: சிறியவர்களுக்கு ஐஎல்சிஏ 4, பெண்களுக்கான ஒலிம்பிக் பிரிவுக்கு ஐஎல்சிஏ 6, ஆண்களுக்கு ஐஎல்சிஏ 7. அதனால் பிள்ளை வளர வளரப் படகை மாற்ற வேண்டியதில்லை, பாயையும் பாய்மரத்தின் கீழ்ப்பகுதியையும் மாற்றினால் போதும். இரண்டு வகையிலும் அடிப்பலகையைத் தூக்கிக்கொள்ளலாம்; முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு ஆழம் குறையும் மாதங்களிலும் ஓரளவு சமாளிக்கலாம். சில பத்துப் படகுகள், இரண்டு மூன்று மீட்புப் படகுகள், ஒரு கொட்டகை, பெண் பிள்ளைகள் தயங்காமல் உடை மாற்ற நல்ல அறைகள், தகுதி பெற்ற பயிற்சியாளர்கள், மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்து சனி, ஞாயிறுகளில் புறப்படும் பேருந்து. திட்டம் இவ்வளவுதான். உடை மாற்றும் அறையைப் போகிற போக்கில் சொல்லவில்லை. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே ஹெலன் தெ புர்த்தாலே படகில் தங்கம் வென்று, ஒலிம்பிக்கின் முதல் பெண் சாம்பியன் ஆனார். அந்த விளையாட்டில் நம் நாட்டின் முதல் பெண் தகுதிபெற 121 ஆண்டுகள் ஆயின. கதவில்லாத ஒரு அறைக்கும் அந்தத் தாமதத்துக்கும் தொடர்பு உண்டு.

முதல் ஆட்சேபம் செலவு. ஒரு போட்டிப் படகின் விலை சில லட்சம். பாய் தேய்ந்தால் மாற்ற வேண்டும். ஒலிம்பிக்குக்குத் தயாராக ஆண்டில் பல மாதம் ஐரோப்பாவில் கழிக்க வேண்டும். அந்தப் பணத்தில் எத்தனை கபடிக் களம் அமைக்கலாம் என்று கேட்பவர்களின் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் செலவு இரண்டு வகைப்படும் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். உச்சியில் இருக்கும் ஒருவருக்காகச் செலவிடுவது ஒன்று. அடியில் இருக்கும் நூறு பேருக்காகச் செலவிடுவது மற்றொன்று. முதல் செலவுக்கு நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டோம். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு முன்னால், தங்கம் வெல்லும் தமிழக வீரருக்கு 3 கோடி, வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்கு 1 கோடி ரூபாய் பரிசு என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. வரவேற்க வேண்டிய அறிவிப்புதான். ஆனால் ஒரே ஒரு தங்கத்துக்காக எடுத்துவைக்கும் தொகையை வைத்து முட்டுக்காட்டுப் பள்ளிக்குப் படகு வாங்கத் தொடங்கிவிடலாம். சொந்தப் படகு என்றால் ஒரு குடும்பத்தின் பாரம். பொதுப் படகு என்றால் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர், அடுத்த ஆண்டு இன்னொருவர் என்று பத்து வருடம் உழைக்கும். நூலகத்தில் புத்தகம் வைப்பதற்கு நாம் என்ன காரணம் சொல்கிறோமோ அதே காரணம் இதற்கும் பொருந்தும். கபடிக் களத்தைப் பறித்து இதைச் செய்யச் சொல்லவில்லை. அரசு தன் விளையாட்டுச் செலவை எந்த முனையிலிருந்து தொடங்குகிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கூர்மையானது. மழை வந்தால் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்குகின்றன. ஏரிகளில் கழிவுநீர் கலக்கிறது. இந்த நிலையில் பாய்மரம் ஒரு கேடா? முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சிட்லபாக்கம், மாடம்பாக்கம் ஏரிகளிலோ, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணையிலோ படகு விட இங்கே யாரும் கேட்கவில்லை. அவை நிலத்தடி நீருக்கும் பறவைகளுக்கும் உரியவை. முட்டுக்காட்டுக் கழிமுகத்தின் நீர் தூய்மையாக இல்லாவிட்டால் அதிலும் பிள்ளைகளை இறக்கக் கூடாது. விளையாட்டு வந்தால் தண்ணீர் தானாகச் சுத்தமாகிவிடும் என்றும் நம்ப வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்குக்காக குவானபாரா விரிகுடாவில் கலக்கும் கழிவுநீரில் 80 சதவீதத்தைச் சுத்திகரிப்போம் என்று வாக்குக் கொடுத்தார்கள், நிறைவேறவில்லை, வீரர்கள் அந்த நீரிலேயே போட்டியிட்டுத் திரும்பினார்கள். ஆனால் அது இரண்டு வாரத் திருவிழா. விருந்தாளிகள் கிளம்பியதும் கேட்க ஆளில்லை. ஒரு பள்ளி அப்படிப்பட்டதன்று. வாரந்தோறும் அந்த நீரில் இறங்கும் பிள்ளையின் தாய் தந்தை, தண்ணீர் நுரைத்தால் கேட்பார்கள், நாறினால் கேட்பார்கள். மேலே சொன்ன ஏரிச் சங்கிலியின்படி, செம்பாக்கத்தில் கலக்கும் கழிவு முட்டுக்காட்டில்தான் வந்து நிற்கும். தன் தெருச் சாக்கடைக்கும் தன் பிள்ளையின் படகுக்கும் உள்ள உறவு தெரிந்த ஒரு தலைமுறை, வடிகால் கேட்டுப் போராடுவோரின் கையைப் பலப்படுத்துமே தவிர, அவர்களுக்குப் போட்டியாக வராது.

மூன்றாவது, பயம். கடற்கரைக்குக் குளிக்கப் போன மாணவர்கள் அலையில் சிக்கி இறந்த செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். பெற்றோரின் தயக்கத்தைக் கேலி செய்ய முடியாது. ஆனால் அந்தச் செய்திகளைச் சற்று நிதானமாகப் படித்தால் தெரியும்: இறந்தவர்கள் கடலை அறியாமல் கடலில் இறங்கியவர்கள். நீரின் இழுப்பு எங்கே இருக்கிறது, எப்போது இறங்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. முறையான பாய்மரப் பள்ளியில் முதல் பாடம் நீச்சல். இரண்டாவது பாடம், கவிழ்ந்த படகை நிமிர்த்தித் திரும்ப ஏறுவது. அதை வேண்டுமென்றே கவிழ்த்துத்தான் கற்றுக்கொடுப்பார்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஒருவரும் கரையைத் தாண்ட முடியாது. மீட்புப் படகு பக்கத்திலேயே நிற்கும். புயல் சின்னம் இருந்தால் அன்று வகுப்பு கிடையாது. 2015 வெள்ளத்தில் தென்சென்னைத் தெருக்களுக்குள் படகோடு வந்து மக்களை மீட்டவர்கள் மீனவர்கள். தண்ணீர் வீட்டு வாசலுக்கே வரும் ஊரில், தண்ணீரில் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைகள் சிலர் இருப்பது ஆபத்தைக் குறைக்கும்.

நான்காவது கேள்வி, கரை யாருடையது என்பது. இதைக் கேட்க உரிமை உள்ளவர்கள் கழிமுகத்திலும் கடலிலும் பிழைப்பவர்கள். வலை உலர்த்தவும் படகு ஏற்றவும் இருக்கும் இடம் ஏற்கெனவே பண்ணை வீடுகளாலும் விடுதிகளாலும் சுருங்கிவிட்டது. இன்னொரு வேலி போட்டு 'விளையாட்டு வளாகம்' என்று பலகை மாட்டினால் அது இன்னொரு அபகரிப்பாகவே இருக்கும். அதனால் ஊர் ஒப்புதல் இல்லாமல் இந்தப் பள்ளி தொடங்கக் கூடாது. கரையில் நிரந்தரக் கட்டடம் எழும்பக் கூடாது. ஆனால் மீனவ ஊரும் கடல் விளையாட்டும் பகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கான சாட்சி முட்டுக்காட்டை அடுத்த கோவளத்திலேயே இருக்கிறது. மூர்த்தி மேகவன் என்ற மீனவர் அங்கே தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளி, கடலோர ஊர்ப் பிள்ளைகளை அந்த விளையாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்தது. கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பப் பிள்ளைகள் இன்று நாட்டின் முன்னணி அலைச்சறுக்கு வீரர்கள். 2025இல் ஆசிய சாம்பியன்ஷிப்பே மாமல்லபுரத்துக்கு வந்தது. வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பிரித்து அறிந்தவர்களின் அறிவு, காற்றை வாசிக்கும் விளையாட்டுக்குப் பெரிய முதல். அதே சமயம் அதை மிகைப்படுத்தவும் வேண்டாம். இன்று கடலுக்குப் போவது பெரும்பாலும் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு. பாய் விரித்துப் போன தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அந்த அறிவு ரத்தத்தில் தானாக இறங்குவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் இறங்கும். மூத்த மீனவர்கள் சம்பளம் பெறும் ஆசிரியர்களாக, அவர்கள் வீட்டு இளைஞர்கள் மீட்புப் படகோட்டிகளாக, ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் படகு பழுதுபார்ப்பவர்களாக இருக்கும் பள்ளி, ஊருக்கு எதிராக நிற்காது.

ராமநாதபுரம் மாவட்டம் பிரப்பன்வலசையில் ஒலிம்பிக் நீர் விளையாட்டு அகாடமி அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். அது வேண்டும், ஆனால் அது வேறு வேலைக்கு. தேர்வானவர்கள் தங்கிப் பயில்வது அகாடமி. யாரைத் தேர்வு செய்வது என்பதற்கான இடம் அதற்கு முந்தையது. அது பிள்ளை வீட்டிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் தூரத்தில் இருக்க வேண்டும். இதைச் சென்னை இன்னொரு விளையாட்டில் செய்து காட்டியிருக்கிறது. 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது அவர் தனி ஒருவர். அதன்பின் தெருவுக்குத் தெரு சதுரங்க வகுப்பு வந்தது. வாரந்தோறும் போட்டிகள் நடந்தன. 2011இல் அரசு பள்ளிகளுக்குள்ளும் சதுரங்கத்தைக் கொண்டுவந்தது. 2024இல் குகேஷ் உலக சாம்பியன் ஆனபோது அவருக்குப் பின்னால் ஒரு பெரும் கூட்டமே இருந்தது. சதுரங்கப் பலகை மலிவு, படகு விலை அதிகம் என்ற வித்தியாசம் உண்மை. அதனால்தான் சதுரங்கத்தில் பெற்றோர் செய்ததைப் படகில் அரசு செய்ய வேண்டியிருக்கிறது. இவ்வளவு செய்தும் பதக்கம் வராமல் போகலாம். அப்போதும் நட்டம் இல்லை. நீச்சல் தெரிந்த, காற்று படிக்கத் தெரிந்த, உத்தண்டியிலும் கானத்தூரிலும் கப்பல் படிப்பு இருப்பதை அறிந்த, பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடை என்று சொல்லித் தாண்டிப்போகாத சில ஆயிரம் பேர் இந்தப் புறநகரில் வளர்ந்திருப்பார்கள்.

கடைசியாக ஒரு வயதுக் கணக்கு. 2009இல் படகில் ஏறிய நேத்ரா முதல் ஒலிம்பிக்குக்குப் போனது 2021இல்; 12 ஆண்டுகள். 2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்புவதாக இந்தியா சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த ஆண்டில் நம் பாய்மரத்தைப் பிடிக்கப் போகிறவர் இப்போது ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் தாம்பரத்திலோ அனகாபுத்தூரிலோ ஏதாவது ஒரு மாநகராட்சிப் பள்ளியிலும் இருக்கலாம். அவர் யார் என்று தெரிந்துகொள்ள நிபுணர் குழு தேவையில்லை. வரும் கோடை விடுமுறையில் ஒரு பேருந்தை நிரப்பி முட்டுக்காட்டில் இறக்கிவிட்டு, யார் திரும்ப வரமாட்டேன் என்று தண்ணீரிலேயே நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.